சிறைக்கு ஒத்திகை பார்த்த பண்ணை: டால்ஸ்டாய் பண்ணை (1910–1913), ஒரு நிகழ்வு ஆய்வு

கூட்டாக வாழப் போகிறோம், பிள்ளைகளை நாங்களே படிக்க வைக்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கொள்கையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதலில் ஒரு கனவு, அப்புறம் ஒரு பெயர், அதற்கப்புறம்தான் நிலம் தேடுவது. தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணை அப்படிப் பிறக்கவில்லை. அது பிறந்தது பணமுடையில். கணக்குப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தூக்கம் கெட்ட காந்தி, வேறு வழியில்லாமல் போய்ச் சேர்ந்த இடம் அது. அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்கு முதல் காரணமே இதுதான். இரண்டாவது காரணம், அங்கே சமைத்து, வெட்டி, சுமந்து வாழ்ந்தவர்களில் கணிசமானவர்கள் தமிழர்கள் என்பது. காந்தியின் கதை என்று நாம் படித்துவிட்டுப் போகிற பக்கங்களில் நம் ஆட்கள் நிறையப் பேர் பெயரில்லாமல் நிற்கிறார்கள்.

யாருக்கு எவ்வளவு?

தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் பகுதியில் 1907-இல் வந்த சட்டம், எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆசிய ஆணும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும், சீட்டைக் கையோடு வைத்திருக்க வேண்டும் என்றது. அதன் முன்வடிவு 1906-இல் வந்தபோதே, செப்டம்பர் 11 அன்று ஜோஹானஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் கூடியவர்கள் பணிவதில்லை என்று சபதம் எடுத்திருந்தார்கள். 1908 ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதி மைதானத்தில் பதிவுச் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். இதெல்லாம் பள்ளிப் பாடத்திலேயே வருகிற செய்தி. பாடத்தில் வராத கேள்வி ஒன்று இருக்கிறது. சீட்டைக் கொளுத்தியவர் சிறைக்குப் போய்விட்டார். அவர் வீட்டு அடுப்பு எப்படி எரியும்?

சிறை சென்றவர்களில் பெரும்பாலோர் தள்ளுவண்டிக்காரர்கள், கூடையில் காய்கறி சுமந்து விற்றவர்கள், சின்னச் சின்ன வேலையில் இருந்தவர்கள். ஒரு முறை சிறைக்குப் போய்வந்தவருக்கு யார் மறுபடி வேலை தருவார்கள்? ஆக, போராட்ட நிதியிலிருந்து குடும்பங்களுக்கு மாதாமாதம் பணம் போயிற்று. எல்லோருக்கும் ஒரே தொகை என்று வைக்க முடியாது. ஐந்து பிள்ளைகள் இருக்கிற வீடும் ஒண்டிக்கட்டையும் ஒன்றல்ல. சரி, குறைந்தபட்சம் எவ்வளவு தேவை என்று அவரவரே சொல்லட்டும் என்று விட்டார்கள். ஏமாற்ற நினைத்தவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. அதைவிடச் சிக்கல், நேர்மையானவர்கள் விஷயத்தில். ஒரு மாதிரி வாழ்ந்து பழகியவர்கள் அதே மாதிரி தொடரத்தான் பணம் எதிர்பார்த்தார்கள். அதில் தப்பும் சொல்ல முடியாது.

1909 கடைசியில் ரத்தன் டாட்டா 25,000 ரூபாய் அனுப்பினார். அன்றைக்கு அது பெரிய தொகை. ஆனாலும் காந்திக்கு ஒன்று புரிந்துவிட்டது. எதிரில் இருப்பது அரசாங்கம். அதனிடம் நேரம் இருக்கிறது, பணமும் இருக்கிறது. எத்தனை பேர் நன்கொடை கொடுத்தாலும் இந்த ரீதியில் போனால் கஜானா காலியாவது உறுதி. செலவு குறைந்தால்தான் போராட்டம் நீளும். செலவு குறைய வேண்டுமானால் தனித்தனி வீட்டு வாடகை, தனித்தனி அடுப்பு என்பதை விட்டுவிட்டு எல்லோரும் ஓரிடத்தில் வாழ வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எளிமை இங்கே ஒழுக்கமாக வரவில்லை, தாக்குப்பிடிக்கும் உத்தியாக வந்தது. காந்திக்கு எளிமை மேல் ஏற்கெனவே பிடிப்பு உண்டு என்பது வேறு விஷயம். பண்ணைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அப்படியொரு பிடிப்பு இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வீட்டுக்காரர் சிறையில், வாடகை கொடுக்க வழியில்லை. அதனால் வந்தார்கள்.

கைவசம் இருந்த முன்மாதிரி

அவர்களிடம் ஏற்கெனவே ஒரு கூட்டுக்குடியிருப்பு இருந்தது. 1904-இல் டர்பனிலிருந்து 14 மைலில், பீனிக்ஸ் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுமார் 100 ஏக்கர் வாங்கி, 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையின் அச்சகத்தையே அங்கே தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். வேலை எதுவானாலும் ஒருவருக்கு மாதம் மூன்று பவுன் என்பது கணக்கு. முதல் இதழ் அச்சேறுகிற ராத்திரி எண்ணெய் எஞ்சின் மக்கர் பண்ண, எல்லோரும் மாறி மாறிக் கைச்சக்கரத்தைச் சுற்றி அடித்து முடித்தார்கள்.

ஆனால் பீனிக்ஸ் இருந்தது நேட்டாலில். போராட்டம் நடந்தது டிரான்ஸ்வாலில். ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 300 மைல், 30 மணி நேரப் பயணம். சிறையில் இருக்கிறவரை யார் போய்ப் பார்ப்பது, விடுதலையாகி வருகிறவர் எங்கே போவார்? நல்ல திட்டங்கள் பல இந்த மாதிரி தூரத்தில்தான் செத்துப்போகின்றன.

ஒரு கட்டடக் கலைஞரின் கடிதம்

ஹெர்மன் காலன்பாக் ஜெர்மானிய யூதர், ஜோஹானஸ்பர்க்கில் வசதியான கட்டடக் கலைஞர். காந்தியோடு பழகுவதற்கு முன், வீட்டு வாடகை போக, தனக்கென்று மட்டும் மாதம் 1,200 ரூபாய் அளவுக்குச் செலவழித்தவர், பிறகு 120 ரூபாய்க்கு இறங்கிவிட்டார் என்று காந்தி எழுதியிருக்கிறார். அவர் லாலி ரயில் நிலையத்துக்கு ஒரு மைல் தூரத்தில், ஜோஹானஸ்பர்க்கிலிருந்து 21 மைலில், 1,100 ஏக்கர் வாங்கினார். 1910 மே 30 அன்று கடிதம் கொடுத்தார்: டிரான்ஸ்வால் அரசோடு போராட்டம் நீடிக்கிறவரை சத்தியாகிரகிகளும் அவர்களின் ஏழைக் குடும்பங்களும் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம். பெயர் வைத்தவரும் அவரே. அந்த ஆண்டு நவம்பரில் டால்ஸ்டாய் காலமானார். அதற்கு முன் அவருக்கும் காந்திக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நடந்தது, செப்டம்பரில் அவரிடமிருந்து ஒரு நீண்ட பதிலும் வந்தது.

கடிதத்தில் இருந்த 'நீடிக்கிறவரை' என்ற சொல்லைக் கவனியுங்கள். நிலம் அவர்களுடையதாக ஆகவில்லை. பண்ணையின் ஆயுளும் போராட்டத்தின் ஆயுளும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டன. பின்னால் இதற்குத் திரும்பி வருகிறேன்.

நிலத்தில் ஆயிரத்துக்கு நெருக்கமான பழமரங்கள் இருந்தன. ஆரஞ்சு, ஆப்ரிகாட், பிளம் எல்லாம். இரண்டு கிணறு, ஒரு சிற்றூற்று, குன்றடியில் ஆறு பேர் தங்கக்கூடிய ஒரு வீடு. அவ்வளவுதான். பத்துப் பெண்களுக்கும் அறுபது ஆண்களுக்கும் இடம் வேண்டும் என்று திட்டம் போட்டு, தகரக் கொட்டகைகளாகக் கட்டினார்கள். கல்லும் மரமும் சுமந்தவர்கள் குடியிருக்கப் போனவர்களே. ஒரு கட்டத்தில் இளைஞர்கள் சுமார் 40, வயதானவர்கள் இரண்டு மூன்று பேர், பெண்கள் ஐந்து, பிள்ளைகள் இருபதிலிருந்து முப்பது என்று ஆள்கணக்கு இருந்தது. தமிழ், தெலுங்கு, குஜராத்தி, இந்தி பேசுகிறவர்கள். இந்து, முஸ்லிம், பார்சி, கிறிஸ்தவர்.

தண்ணீர், குழி, உடுப்பு, இருபத்தொரு மைல்

ஊற்று, குடியிருப்பிலிருந்து 500 கஜம் தள்ளி. தண்ணீரைத் தோளில் கம்பு வைத்து இருபுறமும் தொங்கவிட்டுச் சுமந்து வந்தார்கள். நம் ஊர்க் காவடி மாதிரிதான். வேலைக்கு ஆள் வைப்பதில்லை என்பது சட்டம். சமையல், கூட்டுதல், மலக்குழி எல்லாமே முறை வைத்து. இவற்றில் மலக்குழி வேலையைத்தான் முக்கியம் என்பேன். குப்பைக்கும் மலத்துக்கும் தனித்தனியாகக் குழி வெட்டி மண்போட்டு மூடி, பிறகு உரமாக எடுத்தார்கள். அத்தனை பேர் குடியிருந்தும் நாற்றமோ ஈயோ கிடையாது. சுகாதாரப் பொறுப்பு தம்பி நாயுடுவிடம் இருந்தது. மொரீஷியஸில் பிறந்த தமிழர், ஜோஹானஸ்பர்க்கில் சுமைவண்டித் தொழில் செய்தவர், திரும்பத் திரும்பச் சிறைக்குப் போனவர். ஊருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற வேலையும் அவருடையதே. போராட்டத்தின் முன்வரிசைத் தலைவர் கையில் குழியும் சந்தைப்பையும். இந்த ஒரு ஏற்பாடே ஒரு பாடத்திட்டத்துக்குச் சமம்.

சாப்பாடு ஒரே அடுப்பில், சைவம். முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் இறைச்சி கேட்டால் சமைத்துத் தருவதென்று காந்தி முடிவு செய்திருந்தார். அவர்கள் கேட்கவில்லை. காலை ஆறு மணிக்கு ரொட்டியும் வறுத்த கோதுமையில் போட்ட காபியும். பதினொரு மணிக்குச் சோறு, பருப்பு, காய். மாலை ஐந்தரைக்குக் கோதுமைக் கஞ்சியும் பாலும், இல்லாவிட்டால் ரொட்டி காபி. கோதுமையைக் கையால் சுற்றும் இரும்பு எந்திரத்தில் அரைத்தார்கள். நிலக்கடலையை வறுத்து அரைத்து வெண்ணெய்க்குப் பதில் தடவிக்கொண்டார்கள், வெண்ணெயில் நாலில் ஒரு பங்கு விலைதான் ஆயிற்று. ஆரஞ்சில் மார்மலேட். கரண்டி, மரத்தில், பண்ணையிலேயே செதுக்கியது.

உடுப்பு முரட்டு நீலத்துணி. வெட்டும் தையலும் சிறைக்கைதி உடுப்பைப் பார்த்துச் செய்தது. தைத்தவர்கள் பண்ணைப் பெண்கள்.

நேரத்துக்கு மணி, ஆளுக்கொரு தட்டு, கைதி உடுப்பு, தரையில் படுக்கை. பண்ணையில் நடந்தது என்ன என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சிறையிலிருந்து வந்தவர் வாழ்ந்தது இன்னொரு சிறையில், ஆனால் தானே கட்டியதில், தன் பிள்ளைகளோடு. மறுபடி உள்ளே போகச் சொன்னால் அவருக்கு அதில் புதிதாக என்ன பயம்? சோறு மட்டமாக இருக்கும் என்றா, கல் உடைக்கணும் என்றா?

அப்புறம் அந்த இருபத்தொரு மைல். பண்ணை வேலையாகப் போகிறவருக்கு மட்டும் ரயில், அதுவும் மூன்றாம் வகுப்பு. சொந்த விஷயமாகவோ சும்மா சுற்றவோ போனால் நடைதான், சாப்பாடு கட்டிக்கொண்டு. இந்த விதி இல்லையென்றால் மிச்சம் பிடித்ததெல்லாம் ரயில் டிக்கெட்டிலும் ஜோஹானஸ்பர்க் கடைகளிலும் போயிருக்கும். நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு எழுந்து, இரண்டரைக்குக் கிளம்பி, ஆறேழு மணி நேரத்தில் ஊர் சேர்வார்கள். அதிவேகம் என்று பதிவானது 4 மணி 18 நிமிடம். யாரோ கடிகாரம் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதிலிருந்தே தெரிகிறது, பையன்களுக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை, பந்தயமாகத்தான் இருந்திருக்கிறது.

காலன்பாக், டர்பன் பக்கம் மரியன்ஹில்லில் இருந்த டிராப்பிஸ்ட் துறவிகள் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து காந்தி கற்று, காந்தியிடமிருந்து மற்றவர்கள் கற்றார்கள். தைத்த செருப்புகளை நண்பர்களுக்கு விற்றார்கள். பிற்பாடு சிறையில் இருந்தபோது காந்தி தென்னாப்பிரிக்க அமைச்சர் ஸ்மட்ஸுக்கு ஒரு ஜோடி தைத்ததும், ஸ்மட்ஸ் அதை 1939-இல் திருப்பி அனுப்பியதும் ஊரறிந்த கதை. நம் ஆய்வுக்குத் தேவையான விவரம் அதற்கு முந்தையது. தோலைத் தொட்டுத் தைக்கிற வேலையை வழக்கறிஞரும் வணிகர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பட்டறையில் உட்கார்ந்து செய்தார்கள்.

தூங்கி விழுந்த வாத்தியார்

பள்ளிக்கூடத்தை மட்டும் தனியாக எடுத்து மதிப்பெண் போட்டால் தேறுவது கஷ்டம். காலை முழுவதும் நிலத்து வேலை, வீட்டு வேலை. ஆகவே பள்ளி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம். குழி வெட்டி, மரம் அறுத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் என்ன நடக்கும்? பிள்ளைகளும் தூங்கினார்கள், வாத்தியார்களும் தூங்கினார்கள். கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பாடம் நடத்தியதாகக் காந்தியே ஒப்புக்கொள்கிறார். ஒரே வகுப்பில் ஏழு வயதுப் பையனும் இருபது வயது இளைஞனும். தமிழ், இந்தி, குஜராத்தி, உருது, கொஞ்சம் ஆங்கிலம், கணக்கு, வரலாறு, பூகோளம். எழுத்துப் படிப்புக்கு அதிகபட்சம் மூன்று பாடவேளை. ஆசிரியர்கள் முக்கியமாக காந்தியும் காலன்பாக்கும்.

தமிழ் வகுப்புதான் என் மனசில் தங்கியது. காந்தியின் தமிழ், கப்பல் பயணங்களிலும் சிறையிலும் ஜி.யு.போப்பின் தமிழ்க் கைநூலை வைத்துப் படித்த தமிழ். மாணவர்கள் தென்னாப்பிரிக்காவில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள். பேச்சு வரும், எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. ஆக, சரளமாகப் பேசுகிறவர்களுக்குத் தட்டுத்தடுமாறிப் பேசுகிறவர் அ, ஆ சொல்லித் தருகிறார். ஆங்கிலம் தெரியாத தமிழர் யாராவது அவரைப் பார்க்க வந்தால், அதே பிள்ளைகள் எழுந்து போய் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். பேச்சில் தன்னை அவர்கள் எந்த நாளும் ஜெயித்துவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். தனக்குத் தெரியாததை அவர் மறைக்கவில்லை.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நடைமுறைச் சந்தேகம் வந்தது. தமிழ் நன்றாகத் தெரிந்த பெரியவர் ஒருவரை வைத்து நடத்தியிருக்கக் கூடாதா? அப்படி ஆளுக்குச் சம்பளம் கொடுக்கக் கட்டுப்படியாகாது, சம்பளம் இல்லாமல் 21 மைல் தள்ளி யாரும் வரமாட்டார்கள் என்பதுதான் அவர் நிலைமை. கல்வித் தத்துவம் என்று நாம் இன்றைக்குக் கொண்டாடுவதில் பாதி, ஆள் கிடைக்காததால் வந்தது.

ஆனால் ஒரு விதியை அவர்கள் வேண்டுமென்றேதான் வைத்தார்கள்: வாத்தியார் செய்யாத வேலையைப் பிள்ளையிடம் சொல்லக் கூடாது. குழி வெட்டச் சொன்னால் வாத்தியாரும் மண்வெட்டியோடு நிற்க வேண்டும். உண்மையான பாடம் நடந்தது இங்கேதான், மத்தியானக் கொட்டாவி நேரத்தில் இல்லை. ரமலான் மாதத்தில் முஸ்லிம் பிள்ளைகள் நோன்பு வைத்தார்கள். மற்றப் பிள்ளைகளும் துணைக்குப் பகலில் பட்டினி இருந்தார்கள். சூரியன் விழுமுன் இவர்கள் சாப்பிட்டு முடித்துவிட்டு, நோன்பு திறக்கிறவர்களுக்குப் பலகாரம் செய்து பரிமாறப் போய்விடுவார்கள். மத நல்லிணக்கம் என்ற சொல்லை யாரும் பாடமாக எடுத்ததாகத் தெரியவில்லை.

அடி கிடையாது என்ற கொள்கையும் ஒரு நாள் உடைந்தது. அடங்காத பதினேழு வயதுப் பையன் ஒருவன் கையில் காந்தி ரூல்தடியால் ஒரு போடு போட்டார். அடித்த கை நடுங்கியதாக எழுதுகிறார். பையன் அழுது மன்னிப்புக் கேட்டான். வலியால் அல்ல, அவன் திருப்பி அடிக்கக்கூடிய திடகாத்திரம் உள்ளவன். அதற்கப்புறம் யாரையும் அடிக்கவில்லை.

இரண்டு பெண்களின் தலைமுடி

பண்ணையைப் பற்றிப் பேசும்போது பலரும் தாண்டிப் போகிற இடம் இது. பையன்களும் பெண்களும் சேர்ந்து படித்தார்கள், ஊற்றில் ஒரே நேரத்தில் குளிக்கப் போனார்கள். அன்றைய காலத்துக்கு அது துணிச்சலான சோதனை. ஒரு நாள் சில பையன்கள் இரண்டு பெண்களைக் கேலி செய்தார்கள். காந்தி பையன்களைக் கண்டித்தார். அத்தோடு விடவில்லை. கெட்ட பார்வை படாமல் இருக்க அந்தப் பெண்களிடம் ஓர் அடையாளம் வேண்டும் என்று ராத்திரி முழுக்க யோசித்து, அவர்களின் நீண்ட கூந்தலைக் கத்தரித்துவிட முடிவு செய்தார். பெண்கள் ஒப்பவில்லை. பெரிய பெண்களிடம் பேசி, கடைசியில் எல்லோரையும் இணங்க வைத்து, தன் கையாலேயே வெட்டினார். நல்ல பலன் தந்தது, கேலி நின்றது என்று எழுதினார்.

நின்றிருக்கலாம். தப்பு செய்தது ஒரு பக்கம், இழந்தது இன்னொரு பக்கம். தமிழ்க் குடும்பத்தில் ஒரு பெண்ணின் கூந்தலை வெட்டுவது என்றால் என்னவென்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டுவாழ்க்கையில் ஒருவர் சொல் எல்லாவற்றுக்கும் மேலாக நின்றால் இப்படித்தான் ஆகும். 'எல்லோரும் இணங்கினார்கள்' என்ற வாக்கியத்துக்கு அடியில் யார் எவ்வளவு நேரம் அழுதார்கள் என்பது பதிவாகாது. அந்த இரண்டு பெண்கள் இதைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று அவர்கள் வாயால் கேட்க நமக்கு வழியில்லை.

பதினாறு

1912 அக்டோபரில் இந்தியத் தலைவர் கோகலே தென்னாப்பிரிக்கா வந்தார். பண்ணையையும் பார்க்க ஆசைப்பட்டார். ரயிலடியிலிருந்து நடந்தே வந்தார், வழியில் மழை பிடித்துக்கொண்டது, சளி கண்டது. கட்டில் கிடையாது. எல்லோரும் தரையில் படுக்கும்போது தனக்கு மட்டும் எதற்கு என்று அவரும் தரையிலேயே படுத்தார்.

போராட்டத்துக்கு நிச்சயமாக எத்தனை பேர் வருவார்கள் என்று அவர் கணக்குக் கேட்டபோது காந்தி எழுதிக் கொடுத்த எண்: அதிகபட்சம் 65 அல்லது 66, குறைந்தபட்சம் 16. இரண்டரை வருஷக் கூட்டுவாழ்க்கையின் அறுவடை பதினாறு பேர். அன்றைய தேதியில் யாராவது மதிப்பீட்டு அறிக்கை எழுதியிருந்தால் 'தோல்வி' என்று போட்டு மூடியிருப்பார்கள். குடும்பங்கள் கலைந்துகொண்டிருந்தன. 1913 தொடக்கத்தில் காந்தியும் எஞ்சியவர்களும் பீனிக்சுக்குப் போய்விட, பண்ணை அடங்கியது.

பதினொரு பெண்கள்

அந்த வருஷம் இரண்டு விஷயங்கள் சேர்ந்து வந்தன. மார்ச் 14 அன்று நீதிபதி சியர்ல் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடந்து பதிவான திருமணங்களைத் தவிர மற்றவை சட்டப்படி செல்லாது என்ற நிலையை உண்டாக்கியது. ஒரே எழுத்தில் அத்தனை இந்திய மனைவிகளும் மனைவி இல்லை என்றாகிவிட்டது. இன்னொன்று, ஒப்பந்தம் முடிந்த கூலிகள் மீது நேட்டாலில் 1895 முதல் இருந்த தலைக்கு 3 பவுன் வரி. அதை எடுத்துவிடுவதாகக் கோகலேயிடம் சொன்ன அமைச்சர்கள் பின்வாங்கினார்கள்.

அப்போது காந்தி தேடிப்போனது டால்ஸ்டாய் பண்ணையில் வாழ்ந்திருந்த பெண்களை. சிறையில் சோறு இப்படி இருக்கும், துணி துவைக்க வைப்பார்கள், அவமானப்படுத்துவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லி எச்சரித்தார். யாரும் அசரவில்லை. பதினொரு பேர், ஒருவரைத் தவிர எல்லோரும் தமிழர்கள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அதில் உண்டு. ஒருவர் கர்ப்பிணி, ஆறு பேர் இடுப்பில் கைக்குழந்தை. முதலில் எல்லையில் போய் நின்றார்கள், போலீஸ் பிடிக்கவில்லை. உரிமமில்லாமல் கூவி விற்றுப் பார்த்தார்கள், அப்போதும் பிடிக்கவில்லை. சரி என்று நேட்டாலுக்குள் நுழைந்து, நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

சுரங்கத்தில் இருந்தவர்களில் பலர் தமிழும் தெலுங்கும் பேசுகிறவர்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்த பெண், தன் மொழியில், 'மூணு பவுன் வரி போகிறவரை வேலைக்கு இறங்காதே' என்று சொன்னால் அதற்கு வேறு எடை. 1913 அக்டோபர் நடுவில் வேலைநிறுத்தம் தொடங்கி, காந்தி எதிர்பார்த்ததைவிட வேகமாகப் பரவியது. பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

இந்தப் பெண்களைத் தயார் செய்தது எது என்று கேட்டால், என் பதில் பிரார்த்தனைக் கூட்டமும் இல்லை, மத்தியானப் பள்ளியும் இல்லை. ஒரே அடுப்பில் அறுபது எழுபது பேருக்குச் சமைத்தது, கைதித் துணியைத் தன் கையால் தைத்தது, பக்கத்துப் பாயில் வேற்று மதக்காரி படுத்திருந்தது. வீட்டுக்காரர் இல்லாமலும் வீடு நடக்கும் என்று அங்கே ஏற்கெனவே வாழ்ந்து பார்த்தாயிற்று. கூட்டுவாழ்க்கைக் குழுக்களை அளக்கும்போது எத்தனை மரம் நட்டார்கள், எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்று மட்டும் எண்ணுகிறோம். அங்கே இருந்தவர் எதற்கு 'முடியாது' என்று சொல்லத் தைரியம் பெற்றார் என்று எண்ண ஆரம்பித்தால் இந்தப் பண்ணைக் கணக்கு வேறு மாதிரி வரும்.

நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து டிரான்ஸ்வால் எல்லை நோக்கி 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் நடந்தார்கள். ஆளுக்கு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. வழியில் கைது செய்யாவிட்டால் எங்கே போவது? திட்டத்தில் எழுதியிருந்த சேரிடம் டால்ஸ்டாய் பண்ணை. நாளைக்கு 20 முதல் 24 மைல், எட்டு நாள் நடை. ஜோஹானஸ்பர்க்குக்கும் பண்ணைக்கும் இடையே நடந்து நடந்து காலில் ஏறியிருந்த அளவுதான் அது. அவர்கள் அங்கே போய்ச் சேரவில்லை. நான்கு நாளில் காந்தி மூன்று முறை கைதானார். நவம்பர் 10 அன்று பால்ஃபரில் ரயில்களில் ஏற்றி எல்லோரையும் நேட்டாலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். 1914-இல் வந்த இந்தியர் நிவாரணச் சட்டம் 3 பவுன் வரியை எடுத்தது, திருமணங்களை ஏற்றுக்கொண்டது. அந்தச் சட்டத்தைப் பார்க்க, போராட்டத்தில் சேர்ந்த தமிழ்ப் பெண் வள்ளியம்மை இல்லை. 1913 டிசம்பரில் சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்துபோனாள்.

பண்ணைக்குள் வராதவர்கள்

முழுசாகச் சொல்ல வேண்டுமென்றால் வேலிக்கு வெளியே இருந்தவர்களையும் பார்க்க வேண்டும். அது ஆப்பிரிக்க மண். பண்ணைக் குடிகளின் பட்டியலில் ஆப்பிரிக்கர்கள் இல்லை. இந்தியர் போராட்டம் இந்தியர்களுக்காக மட்டுமே நடந்தது. அதே 1913 ஜூனில் வந்த பூர்வகுடியினர் நிலச் சட்டம், நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவீதத்துக்குள் ஆப்பிரிக்கர்களை அடைத்தது. கைவேலையையும் படிப்பையும் சேர்த்துக் கற்பித்த, ஆப்பிரிக்கத் தலைவர் ஜான் டூபேயின் ஒலாங்கே பள்ளி பீனிக்சுக்கு நடந்து போகும் தூரத்தில் இருந்தது. இரண்டு முயற்சிகளும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் ஒன்றாகச் சேரவில்லை. 1,100 ஏக்கரில் எழுபது எண்பது பேர் குடியிருக்க முடிந்ததற்கும் அந்த நிலச் சட்டத்துக்கும் நடுவில் இருக்கிற நாற்றத்தை எந்தக் குழியாலும் மூட முடியாது.

நில உரிமைக்கும் வருவோம், சொன்னபடி. கொடுத்தவர் ஒருவர், நடத்தியவர் ஒருவர். இருவரும் 1914-இல் கிளம்பியதும் அந்த இடத்தைப் பிடித்து நிற்க யாரும் இல்லை. தகரக் கொட்டகைகள் போய்விட்டன, காலப்போக்கில் அஸ்திவாரமே மிஞ்சியது. அறக்கட்டளையாக இருந்த பீனிக்ஸ்கூட 1985 கலவரத்தில் எரிந்து, 2000-இல்தான் மீட்கப்பட்டுத் திறந்தது. இடத்தை வைத்து அளந்தால் இரண்டுக்கும் பெரிய மதிப்பெண் கிடையாது.

ஆட்களை வைத்து அளந்தால் கணக்கு மாறும். 1914 ஜூலையில் காந்தி கப்பலேறுமுன் நடந்த பிரிவுபசாரக் கூட்டத்தில், தம்பி நாயுடுவும் மனைவியும் தங்கள் நான்கு பையன்களையும் இந்தியாவின் சேவைக்கென்று அவரிடம் ஒப்படைத்தார்கள். 1915 மே மாதம் அகமதாபாத்துக்குப் பக்கத்தில் கோச்ராபில் ஆசிரமம் தொடங்கியபோது ஒரே அடுப்பு, ஒரே பந்தி. மொத்தம் இருபத்தைந்து பேர். அவர்களில் பதின்மூன்று பேர் தமிழர்கள், அதில் ஐந்து பேர் தென்னாப்பிரிக்காவிலிருந்தே கூட வந்த பையன்கள்.